கூப்பிட்டால் மேலே வரும் மீன்கள்

என் வீட்டுக்காரரோடு பிறந்தவர்கள் நாலு பேர். மூத்தவர் கட்டட வேலைக்குப் போய் சாரத்திலிருந்து விழுந்து, நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அடுத்தது பெரிய நாத்தனார். லாரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு போனாள், அவள் பிள்ளைகள் எல்லாம் அப்பனைப் போலவே ஓரிடத்தில் உட்காராதவர்கள். பிறகு என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் சின்ன நாத்தனார், அவள் கதையை எடுத்தால் பொழுது போய்விடும், வேண்டாம். கடைக்குட்டிதான் என் கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது மூக்கைத் துடைக்கத் தெரியாமல் நின்றவன். அவனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. எனக்கும் ஒத்துவரவில்லை, அதனால் நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு பெரிய சலவைக் கடையில் மூட்டை தூக்கப் போனவன், ஒருநாள் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டான். தொட்டவன் அதற்குப் பிறகு விடவே இல்லை. மற்றவர்கள் பெட்டி சூடேறியதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிப்பார்கள். இவன் விரல் நுனியை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டு பெட்டியின் அடியைத் தொடுவான். 'சுர்' என்ற சத்தத்தை வைத்தே இது கம்பளிக்கு, இது பருத்திக்கு, இதைப் பட்டின் மேல் வைத்தால் பொசுங்கிவிடும் என்று சொல்லிவிடுவான். அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணி பிடிக்காமலே இறக்குவான். தெருவில் அவனுக்கு 'சூட்டுக்கை' என்றே பெயர். அவன் உள்ளங்கையைத் தொட்டால் செருப்பின் அடியைத் தொட்டது போல இருக்கும்.

பிறகு சொந்தமாகக் கடை வைத்தான். முன்னறை கடை, பின்னால் ஒரு அறையும் சமையல்கட்டும் வீடு. எங்கள் ஊர் குளிர் ஊர். வருஷத்தில் பாதி நாள் வாயைத் திறந்தால் புகை வரும். குளிர் நாளில் அவன் கடையில் கூட்டம் அதிகம். துணி கொடுக்க வருகிறவர்கள் பெட்டிச் சூட்டில் நின்று குளிர்காய்ந்துவிட்டுத்தான் போவார்கள்.

அவனுக்கு வாய்த்தவள், அதாவது என் ஓரகத்தி, நல்ல வாயாடி. பிள்ளை குட்டி இல்லை. ஒரு பல் டாக்டரிடம் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்தாள். அந்த டாக்டர் இடத்தைக் காலி செய்துகொண்டு போனபோது, நோயாளிகள் உட்காரும் அறையில் இருந்த மீன் தொட்டியை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இரண்டு ஏஞ்சல் மீன்கள். தட்டையாக, முக்கோணமாக, நீளமான இறக்கைகளோடு இருக்கும். ஒன்றுக்கு உடம்பில் கோடு, இன்னொன்று கருப்பு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.

"அக்கா, இதுங்களப் பாத்தா நம்ம மாமனார் மாமியார் மாதிரியே இல்ல?" என்றாள்.

அப்படியேதான் இருந்தன. என் மாமனாரும் மாமியாரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பிள்ளைகள் மூலமாகவே பேசிக்கொண்டவர்கள். அன்றிலிருந்து கோடு போட்டது மாமனார், கருப்பு மாமியார். "மாமியாருக்குத் தீனி போட்டாச்சா?" என்று அவள் கடையிலிருந்து கத்துவாள். புதிதாக வந்தவர்கள் திகைத்துப்போய் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

டாக்டர் போன பிறகு அவளுக்கு வேறு வேலை அமையவில்லை. கடையிலும் முன்போலக் கூட்டம் இல்லை. வெளிநாட்டில் வயசாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்த அவள் அக்கா, இவளுக்கும் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தாள். "போய்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பினாள். ஒப்பந்தம் முடிந்தது. அந்த வீட்டுக் கிழவி இவளை விடமாட்டேன் என்று அழுததால் இன்னும் ஒரு வருஷம் என்று எழுதிக் கொடுத்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. "அவ இஷ்டம் அண்ணி. சம்பாதிக்கிறவ அவ. நான் எந்த வாய வச்சு வான்னு கூப்பிடறது?" என்பான்.

ஆனால் ஒரு நாள் நான் போனபோது, அவள் படுக்கும் பக்கம் முழுக்கத் தேய்த்து மடித்த துணிகளை அடுக்கி வைத்திருந்தான்.

"ஏன் தம்பி, அலமாரி இல்லையா?"

"காலியா இருந்தா குளிருது அண்ணி."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் போனில் வருவாள். முகம் தெரிகிற போன். இவன் போனை எடுத்ததும் நேரே தொட்டிக்குத் திருப்பிவிடுவான். அவள் மீனைப் பார்ப்பாள், இவன் மீனைப் பற்றிச் சொல்வான். தண்ணீர் மாற்றியது, செடி துளிர்விட்டது, மாமியார் சாப்பிடாமல் அடம்பிடித்தது. அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அதனால் அந்த மீன்கள் இருக்கிற வரைக்கும்தான் பேச்சு இருக்கும் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். என்னிடமே ஒருமுறை சொன்னான்: "இதுங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அப்புறம் அவளுக்கு என்னத்தக் காட்டறது?"

இந்தக் குளிருக்கு அவள் விட்டுப்போன பழைய ஹீட்டர் மேல் அவனுக்குச் சந்தேகம் வந்தது. மீன்கள் அசையாமல் அடியிலேயே கிடந்தன. ஹீட்டர் என்றால் ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பிச் சுருள், தண்ணீருக்குள் நிற்கும். இவன் என்ன செய்தான்? கரண்டில் இருக்கும்போதே அதைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்தான். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு விரலை நாக்கில் நனைத்து அதைத் தொட்டுப் பார்த்தான். 'சுர்' என்றது. அவனுக்குப் பரம திருப்தி. நல்லாத்தானே இருக்கு என்று திரும்ப அதைத் தண்ணீருக்குள் விட்டான். கண்ணாடி படீரென்று வெடித்து, வீட்டுக் கரண்டே போய்விட்டது. ஆபத்தென்றால் கரண்டைத் தானே நிறுத்திவிடுகிற பெட்டி ஒன்று சுவரில் இருந்ததால் பிழைத்தான்.

வெளுத்த முகத்தோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். நான் இரண்டு திட்டு திட்டிவிட்டு, அவனோடு மீன் கடைக்குப் போனேன். கடைக்காரி வாட்டசாட்டமான பெண்பிள்ளை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஏண்ணே, அது என்ன இஸ்திரிப் பெட்டியா தொட்டுப் பாக்க? தண்ணிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் அது சாது. வெளிய எடுத்தா கொதிக்கும். கொதிக்கிறத ஜில்லுத் தண்ணில விட்டா வெடிக்காம கொஞ்சுமா?"

"தப்புத்தாம்மா. நல்லதா ஒண்ணு குடு. இருக்கிறதுலயே பெருசா."

"பெருசு கெடக்கட்டும். தொட்டி எவ்வளவு தண்ணி புடிக்கும்?"

"எட்டு பக்கெட்டு."

"எந்தப் பக்கெட்டு? குளிக்கிறதா, தொடைக்கிறதா?"

"தொடைக்கிறது."

"அப்ப நூறு லிட்டருக்குக் கிட்ட. ரூமு எப்படி?"

"பகல்ல பெட்டிச் சூட்டுல நல்லா இருக்கும். கடைய மூடிட்டா ஐஸ்பெட்டிதான்."

அவள் இரண்டு சின்ன ஹீட்டர்களை எடுத்து வைத்தாள். வெதுவெதுப்பான வீடு என்றால் லிட்டருக்கு ஒரு வாட் போதுமாம். இவன் வீடு மாதிரி ஜில்லிட்டுப் போகிற இடத்துக்குக் கொஞ்சம் கூட்டிப் போடவேண்டுமாம். ஒவ்வொன்றும் எழுபத்தைந்து வாட்.

"ஒண்ணே ஒண்ணு பெருசா போட்டீங்கன்னு வைங்க. அது அணையாம ஒருநாள் மக்கர் பண்ணா மீனு வெந்துடும். எரியாமப் போனா வெறச்சுடும். சின்னதா ரெண்டு இருந்தா, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு தாங்கிப் புடிக்கும். தொட்டிக்கு ரெண்டு பக்கமும், தண்ணி ஓடற எடமாப் பாத்து வைங்க. மேல இந்த வலைக்கூட்டை மாட்டுங்க, இல்லன்னா மீனு சாஞ்சு நின்னு சுட்டுக்கும். முழுசா முக்கி அரைமணி சும்மா விட்டுட்டு அப்புறம் ப்ளக்க மாட்டணும். தண்ணி மாத்தறப்போ மொதல்ல ப்ளக்கப் புடுங்கு, ஆறவிடு, அப்புறம்தான் கை உள்ள போகணும். வயர் ப்ளக்குக்குக் கீழ ஒரு தொங்கல் தொங்கிட்டு மேல போகட்டும். ஈரம் வழிஞ்சா தொங்கல்லயே சொட்டிடும், ப்ளக்குக்குள்ள ஏறாது."

"இவ்வளவு சட்டம் என் மாமியார்கூடப் போட்டதில்ல" என்றான் இவன்.

"அவங்களுக்கு மருமவன் போனா பரவால்ல போல. எனக்கு வாடிக்கை போயிடுமே."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கண்ணாடித் தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினாள். ஹீட்டரில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை மட்டும் நம்பக்கூடாது, இதைத் தொட்டியில் ஒட்டி வைத்துப் பார்க்கவேண்டும் என்றாள். இருபத்தாறில் நிற்கவேண்டுமாம்.

இவன் கையை விரித்துக் காட்டினான். "இது இருக்க, அது எதுக்கு?"

"கைய நம்பாதீங்கண்ணே."

"இந்தக் கைய நம்பித்தாம்மா இந்த ஊரே துணி போடுது."

தெர்மாமீட்டரை மட்டும் வாங்காமலே வந்துவிட்டான்.

அந்த வாரத்திலிருந்து ஒரு புதுமை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் போனில் வந்து, "மாமனாரே! மாமியாரே!" என்று கூப்பிட்டதும், எப்போதும் மூலையில் நிற்கிற இரண்டும் மேலே, தண்ணீர் மட்டத்துக்கே வந்து நின்றன. வாயை வாயைத் திறந்தன.

"ஐயோ, என் கொரல் கேட்டு வருதுங்க பாருங்க! ஏதோ சொல்ல வருதுங்க!" என்று அங்கே அவள் குதித்தாளாம். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் வந்து, "அண்ணி, அவளத் தேடுதுங்க. சாயங்காலம் நான் கடைய மூடிட்டுப் போனாலும் மேலயேதான் நிக்குதுங்க. சாப்பாடுகூடச் சரியா எடுக்கல. ஏக்கம்" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவள் அந்தக் கிழவியிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாளாம், எனக்காகக் காத்திருக்கிற மீன் வீட்டில் இருக்கிறது என்று. அதை நினைத்துக்கொண்டுதான் தூங்குகிறாளாம்.

நானும் நம்பினேன். நாய் தேடும், பூனை தேடும், மீன் தேடாதா?

இப்படி இரண்டு ஞாயிறு போன பிறகு, ஒரு திங்கட்கிழமை, துணி துவைத்துவிட்டு விறைத்த கையோடு அவன் கடைக்குப் போனேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மீனுக்குத் தீனி போட வந்தான். தீனி டப்பாவின் மூடி தொட்டிக்குள் விழுந்துவிட்டது. எடுக்கலாம் என்று நான் கையை நீட்டினேன்.

"இருங்க அண்ணி! ப்ளக்கப் புடுங்காம கை விடக்கூடாது!" என்று பிடுங்கினான். அந்த மட்டுக்கும் பாடம் படித்திருந்தான்.

கையை விட்டேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன தம்பி இது, குழந்தைக்குக் குளிக்க ஊத்தற மாதிரி இருக்கு?"

"உங்க கை ஜில்லுனு இருக்கு அண்ணி. அதான் சுடுது. பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கு. எத்தன தடவ ஏத்தி வச்சும் சூடே ஏறல."

"ஏத்தி வச்சியா? எவ்வளவு?"

இரண்டு ஹீட்டரின் திருகையும் காட்டினான். இரண்டும் கடைசிக் கோட்டில் இருந்தன.

"உன் கை பெட்டியப் புடிச்ச கை. கொதிக்கிற தண்ணியே உனக்கு ஜில்லுன்னுதான் இருக்கும்."

"உங்க கை ஐஸுல இருந்த கை. உங்களுக்கு எதுவும் சுடத்தான் செய்யும்."

இரண்டு பேரும் தொட்டிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கத்தினோம். எந்தக் கை சரி என்று எங்களுக்கே தெரியவில்லை. கடைசியில் கடையைப் பூட்டிக்கொண்டு மீன்காரியிடம் போனோம். அவள் ஒன்றும் பேசாமல் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தாள். தொட்டிக்குள் ஒட்டிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"முப்பத்திமூணு" என்றாள். "ஏண்ணே, மீனு மேல வந்து வாயத் தொறக்குதா?"

"ஆமாம்மா. என் வீட்டுக்காரி கூப்பிட்டா வருதுங்க."

"கூப்பிட்டு வரலண்ணே. சூடு ஏற ஏறத் தண்ணில காத்து கொறஞ்சிடும். மூச்சு முட்டி வருதுங்க."

அவன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். நான் அவனைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அவன் அம்மா செத்தபோதுகூட நின்றுகொண்டுதான் இருந்தான்.

பச்சைத் தண்ணீரை எடுத்து ஊற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்றாள், திடீரென்று ஜில்லிட்டால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துவிடுமாம். திருகை ஒரு நாளைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான் இறக்கவேண்டுமாம். காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் ஒன்றைக் கடையிலிருந்து எடுத்துவந்து மாட்டினாள். போகும்போது அவன், "இத அவகிட்ட யாரும் சொல்லிடாதீங்க" என்றான். "எனக்கு அவங்களத் தெரியவே தெரியாது, நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றாள் மீன்காரி. பாவம், அவள் குரலும் இறங்கியிருந்தது.

மீன்கள் தேறின. மாமனார் தன் மூலைக்குப் போனார். மாமியார் அந்தப் பக்க மூலைக்கு. தீனி போட்டால் கொத்தின. தண்ணீர் இருபத்தேழுக்கு வந்துவிட்டது. அவன் முகம் மட்டும் தேறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்னைக் கூடவே இருக்கச் சொன்னான். போன் வருகிற நேரத்துக்கு முன்னால் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இன்னிக்கு மட்டும் கொஞ்சம் ஏத்தி விட்டா மேல வருமில்ல?"

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் செய்திருப்பான். எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் ரத்தம் அப்படி. அவன் ப்ளக்கைப் பிடுங்கினான், கையை உள்ளே விட்டான், திருகைத் தொட்டான். மாமியார் மீன் அவன் விரலுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தது. அவன் திருகாமலே கையை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டு, ப்ளக்கை மாட்டிவிட்டு உட்கார்ந்தான்.

போன் வந்தது. கம்பளித் தொப்பியோடு, யாரோ வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள் என் ஓரகத்தி. இளைத்திருந்தாள்.

"அக்கா! நீங்களும் இருக்கீங்களா?"

"இருக்கேன்டி, உன் புருஷனுக்குக் காவல்."

"நல்லாப் பாத்துக்குங்க, தெருவுல எவளாவது துணி போடற சாக்குல கொத்திட்டுப் போயிடப் போறா. சரி சரி, காட்டுங்க, என் ஆளுங்களக் காட்டுங்க."

அவன் போனைத் தொட்டிக்குத் திருப்பினான்.

"மாமனாரே! மாமியாரே!"

இரண்டும் அசையவில்லை. மாமியார் வாலைத் திருப்பிக்கொண்டு செடிக்குப் பின்னால் போனது.

"என்ன, கோவமா? நான் வந்திருக்கேன் பாருங்க."

திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்குக் கேட்கமுடியவில்லை. "ஏங்க, என்னாச்சு? ஏன் வரமாட்டேங்குது? என்னை மறந்துடுச்சா?"

அவன் சொல்லிவிட்டான். ஹீட்டரைக் கடைசி வரைக்கும் திருகியதை, கை ஏமாற்றியதை, மூச்சு முட்டி மேலே வந்ததை, எல்லாவற்றையும். போனைத் தொட்டிப் பக்கமே பிடித்துக்கொண்டு, மீனிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப நான் கூப்பிட்டு சந்தோஷப்பட்டப்பல்லாம் அதுங்க தவிச்சிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"இப்ப?"

"இப்ப நல்லா இருக்குதுங்க. அதான் வரல."

"சரி, அதுங்க நல்லாயிடுச்சு. நீங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"எனக்கு இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றான்.

"எப்படி?"

"மூச்சு முட்டற மாதிரி."

நான் எழுந்து முன்னறைக்குப் போய்விட்டேன். போகாமல் எப்படி இருப்பது? தேய்த்த சட்டைகளை எடுத்துத் திரும்பவும் மடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அது சின்ன வீடு, கதவும் இல்லை; காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்லிக் கேக்கறாங்க. நான் பதிலே சொல்லல" என்றாள் அவள். "நீங்க வான்னு ஒரு வார்த்த சொல்லுவீங்கன்னு பாத்தேன். வாரா வாரம் மீனத்தான் காட்டறீங்க. உங்க மூஞ்சிய ஒரு நிமிஷம் காட்டினதில்ல. சரி, மனுஷன் மீனோட சௌக்கியமா இருக்கார்னு நெனச்சிட்டேன்."

"சம்பாதிக்கிறவ நீ. நான் எப்படி…"

"சொல்லித்தான் பாருங்களேன்."

அப்போது பார்த்து ஒருவர் கால்சட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். "சூட்டுக்கை இல்லையா?" என்றார். "அப்புறம் வாங்க" என்று வாயில் விரல் வைத்து அவரை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

உள்ளே அவன், "வந்துடு" என்றான்.

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

லைன் நன்றாகத்தான் இருந்தது. முன்னறையில் இருக்கிற எனக்கே கேட்டது. அவன் இன்னொரு தடவை சொன்னான், இந்தத் தடவை தெருவுக்கே கேட்கும்படி.

அவள் அந்த ஒரு வருஷத்துக்குச் சம்மதிக்கவில்லை. ஆனாலும் கிழவிக்கு வேறு ஆள் அமைகிற வரைக்கும் விட்டுவிட்டு வரமுடியாது என்கிறாள். அதுவும் நியாயம்தான், அந்தக் கிழவிக்கும் இவளை விட்டால் யார்? ஒருத்தி வந்தாளாம், பிடிக்கவில்லை என்று கிழவி அனுப்பிவிட்டாளாம். இப்போது தினமும் பேசுகிறார்கள். தினமும் அவன் எப்போது வருகிறாய் என்று கேட்கிறான், கூச்சமே இல்லாமல், வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போதே. தினமும் அவள், இதோ, குளிர் விடுவதற்குள் வந்துவிடுவேன் என்கிறாள்.

குளிர் இன்னும் விடவில்லை.